மணிதாவின் இரண்டாவது சுற்று

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 55 வயது என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சேமநிதிப் பணம். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவை விட்டுவைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் வயது அது. இந்தியாவில் ஓர் ஓவியர் அந்த வயதைத் தாண்டியபோது வேறு ஒரு கணக்குப் போட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய பரோடா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, தாம் மாணவராக இருந்த சாந்திநிகேதனுக்கே 1980ஆம் ஆண்டில் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 56. அவருடைய பெரிய வேலைகள் சில அதற்குப் பிறகுதான் தொடங்கின.

அவர் கே.ஜி. சுப்பிரமணியன். மாணவர்களுக்கு 'மணிதா'. வங்காளத்தில் அண்ணனை 'தாதா' என்பார்கள். அதன் சுருக்கம்தான் அந்த 'தா'. ஓவியம், அச்சுக்கலை, சுவர்ச்சித்திரம், சுடுமண் சிற்பம், கண்ணாடி ஓவியம், நெசவு வடிவமைப்பு, பொம்மை, சிறுவர் நூல், கலைக் கட்டுரை என்று அவர் கை வைக்காத துறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்ம ஸ்ரீ, பத்ம பூஷண், பத்ம விபூஷண் என மூன்று விருதுகளும் அவரைத் தேடி வந்தன. ஆனால் ஓவியர் ஹுசைனின் பெயரைக் கேள்விப்பட்ட தமிழர்களில் பலருக்குத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவரைத் தெரியாது.

கல்பாத்தி வழி வந்தவர்

பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே.ஜி.' என்ற எழுத்துகளில் கல்பாத்தி ஒளிந்திருக்கிறது. கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் என்பது முழுப்பெயர். பாலக்காட்டின் கல்பாத்தி, தேர்த் திருவிழாவுக்கும் தமிழ் அக்கிரகாரத்துக்கும் பெயர்போன இடம். சுப்பிரமணியன் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி வட மலபாரில் உள்ள கூத்துபறம்பில் பிறந்தார். வளர்ந்தது, அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த மாஹேயில்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது பொருளியல். 1942ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். அதன் பிறகு அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. பொருளியலுக்கு ஏற்பட்ட நட்டம் ஓவியத்துக்கு வரவாயிற்று. தாகூர் 1919ல் தொடங்கிய கலா பவனத்தில் 1944ல் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் நந்தலால் போஸ், விநோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ். இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இந்த மூன்று பெயர்களையும் தாண்டிப் போக முடியாது.

இவர்களில் விநோத் பிஹாரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உள்ளவர் அவர். ஒரு கண்ணில் பார்வையே இல்லை; மறு கண்ணிலும் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் 1946-47ல் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் இடைக்காலப் பக்தி இயக்கத்து ஞானிகளின் வாழ்வை மிகப் பெரிய சுவர்ச்சித்திரமாக வரைந்தார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்து முடிக்க வேண்டிய முறை அது. காய்ந்துவிட்டால் வண்ணம் சுவரோடு சேராது. எனவே அன்றன்றைக்குப் பூசிய பகுதியை அன்றன்றைக்கே முடித்தாக வேண்டும். யோசித்து அழித்துத் திருத்த நேரமில்லை. அந்தச் சுவரில் உதவியாளராக நின்று வேலை கற்றவர்களில் மாணவர் சுப்பிரமணியனும் ஒருவர்.

விநோத் பிஹாரி 1957ல் பார்வையை முழுதாக இழந்தார். அத்தோடு நிறுத்திவிட்டாரா? இல்லை. விரல்களால் தடவித் தடவிக் காகிதம் வெட்டி ஒட்டினார், களிமண் உருட்டினார். 1972ல் கலா பவனத்தில் பீங்கான் ஓடுகளைக் கொண்டு ஒரு சுவர்ச்சித்திரமும் செய்து முடித்தார். சத்யஜித் ராய் தம் ஆசிரியரான இவரைப் பற்றி அதே ஆண்டில் ஆவணப்படம் எடுத்தார். முதுமையும் உடற்குறையும் கலையை நிறுத்தக் காரணம் ஆகா என்பதை சுப்பிரமணியன் தம் ஆசிரியரிடமே நேரில் கண்டவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அவருடைய பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி உதவும்.

பரோடா நாள்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1951ல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். 1955-56ல் லண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் இருந்தார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணி. 1963ல் லக்னோவின் ரவீந்திராலயா அரங்குக்கு, தாகூரின் நாடகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, சுடுமண் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து மாபெரும் சுவர்ச்சித்திரம் அமைத்தார். 1966-67ல் நியூயார்க். திரும்பி வந்து பரோடா நுண்கலைத் துறையின் தலைவரானார். 1971 பங்ளாதேஷ் போரின்போது மார்பு நிறையப் பதக்கம் குத்திய தளபதிகளைச் சுடுமண்ணில் வடித்தார். பார்க்கச் சிரிப்பு வரும். சற்று நேரம் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கைத்தறி வாரியத்து ஆண்டுகளை மட்டும் அப்படித் தாண்டிப் போக முடியாது. ஓவியர் என்றால் மேல்தட்டு, நெசவாளர் குயவர் என்றால் கீழ்த்தட்டு என்ற பாகுபாட்டை அவர் ஏற்கவே இல்லை. தறியில் உட்கார்ந்திருப்பவரும் தூரிகை பிடிப்பவரும் ஒரே வேலையைத்தான் வெவ்வேறு பொருளில் செய்கிறார்கள் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்தை அவர் மாணவர்களுக்கும் ஊட்டினார். விநோத் பிஹாரியின் மகள் மிருணாளினி முகர்ஜி பரோடாவில் இவரிடம் படித்தவர். பின்னாளில் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆள் உயரச் சிற்பங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். ஆசிரியரின் மகளுக்கே ஆசிரியராகும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால்

சாந்திநிகேதனுக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னதாக, 1970களின் இறுதியில், சுப்பிரமணியன் ஒரு பழைய நாட்டுப்புற முறையைக் கையில் எடுத்தார். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கும் ஓவியம் அது.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் புகழ்பெற்றவை. செட்டிநாட்டு வீடுகளின் பூசை அறைகளிலும் முற்றத்துச் சுவர்களிலும் வெண்ணெய் உண்ணும் கண்ணனும் பட்டாபிஷேக ராமரும் இப்படித்தான் பளபளத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனக் கைவினைஞர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த முறை என்பார்கள். எப்போதும் மலிவுச் சரக்காகவே கருதப்பட்டு வந்தது. நவீன ஓவியர்கள் பெரும்பாலும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்யும் விதத்தை எண்ணிப் பாருங்கள். சாதாரண ஓவியத்தில் முதலில் பின்னணி, பிறகு உருவம், கடைசியில் கண், மூக்கு, நகை. கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். கடைசியாக வைக்க வேண்டிய கண்மணியை முதலில் வைக்க வேண்டும். நகையை முதலில் தீட்டி, உடலை அதன்மேல் பூசி, பின்னணியைக் கடைசியில் நிரப்ப வேண்டும். இடம் வலமாகும், வலம் இடமாகும். ஒரு தவறு நேர்ந்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை. ஏனென்றால் முதலில் வைத்த கோடுதான் பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

ஈரச் சுண்ணாம்பில் பழகிய கைக்கு இந்தக் கண்டிப்பு பிடித்துப்போனதில் வியப்பில்லை. கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. எனவே பின்னர் அக்ரிலிக் தகட்டிலும் இதே முறையில் வரைந்தார். வாழ்ந்த தெருவையே தேவதைக் கதையாக்கினார். சாந்திநிகேதனில் அவர் வீடு இருந்த பகுதி பூர்வபல்லி, அந்தப் பெயரிலேயே ஓர் ஓவிய வரிசை. பெண்கள், பூனைகள், ஆடுகள், குரங்குகள், ஜன்னல்கள், நடுவில் திடீரென்று மகிஷனை வதைக்கும் துர்க்கை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் தேவியும் ஒரே தெருவில் நடமாடுவார்கள். பக்திப் படமா, கேலிச் சித்திரமா என்று பார்ப்பவர் தடுமாறினால், அது அவர் எதிர்பார்த்ததுதான்.

1987ல் தீட்டிய ஓர் ஓவியத்தின் தலைப்பு, இனாயத் கான் ஆக்ஸ்ஃபர்டைப் பார்க்கிறார் என்பது. இந்த இனாயத் கான் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவையில் இருந்தவர். அபினியும் மதுவும் உடலை உருக்க, எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தவரைப் பார்த்துத் திகைத்த பேரரசர், அந்தக் கோலத்தை ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். ஆண்டு 1618. தலையணைகளில் சாய்ந்திருக்கும் அந்த மரண ஓவியம் இன்று இருப்பது ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில். சுப்பிரமணியன் ஆக்ஸ்ஃபர்டில் சில காலம் தங்கியிருந்தார். இங்கிலாந்துக்காரர்கள் இத்தனை காலமும் இனாயத் கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ பார்வையைத் திருப்பிவிட்டார். சாகக் கிடப்பவர் ஆக்ஸ்ஃபர்டைப் பார்க்கட்டுமே என்றார். காலனித்துவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை ஒரு தலைப்பிலேயே சொல்லிவிட்டார் எனலாம்.

கறுப்பும் வெள்ளையும்

கலா பவன வளாகத்தில் 'காலோ பாரி' என்று ஒரு மண் வீடு உண்டு. கறுப்பு வீடு என்று பொருள். 1930களில் நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவர்களும் சேர்ந்து அதன் மண் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள் செய்து, மழையிலிருந்து காக்கத் தார் பூசினார்கள். அதனால் அந்தக் கறுப்பு. கலை என்பது கண்காட்சிக்கூடத்துக்குள் பூட்டி வைப்பதல்ல, வீட்டுச் சுவரிலேயே இருக்க வேண்டியது என்பதுதான் சாந்திநிகேதனின் எண்ணம்.

அதே வளாகத்தில் வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களை சுப்பிரமணியன் 1990ல் கையில் எடுத்தார். 1993ல் மேலும் விரிவாக்கினார். அதிகாரபூர்வமாக அவர் 1989லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பல்கலைக்கழகம் அவரைத் தகைசால் பேராசிரியராக வைத்துக்கொண்டது. கண்ணாடியில் வண்ணங்களை அள்ளி இறைத்தவர் இங்கே வண்ணமே வேண்டாம் என்றார். வெள்ளைச் சுவர், கறுப்பு உருவம், அவ்வளவுதான். விலங்குகள், பறவைகள், மரங்கள், மனிதர்கள், தேவியர் எல்லாரும் காகிதத்தில் கத்தரித்து ஒட்டியதுபோல் சுவரில் அணிவகுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடத்துக்குக் கரை வைத்த சேலை உடுத்தியதுபோல் இருக்கும். கிட்டப் போனால் கதைகள்.

வங்காளத்து மழைக்கும் வெயிலுக்கும் எந்த ஓவியரின் புகழும் தெரியாது. சுவர் மங்கியது. இருபது ஆண்டுகள் ஆவதற்குள் பழுது பார்த்தே ஆக வேண்டிய நிலை.

இந்த இடத்தில் வேறு ஓவியராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பாதுகாப்பு வல்லுநர்களை அழைத்து, பழைய புகைப்படங்களைப் பார்த்து, கோட்டுக்குக் கோடு மீட்டெடுக்கச் சொல்லியிருக்கலாம். சுப்பிரமணியன் 2009ஆம் ஆண்டு வாக்கில், 85 வயதில், தாமே மறுபடியும் தூரிகை எடுத்தார். பழையதை நகலெடுக்கவில்லை. அதே சுவர்களில் புதிய உருவங்களை வரைந்தார். பாராட்டப்பட்ட தம் படைப்பைத் தாமே மூடிவிட்டு அதன்மேல் இன்னொன்றை எழுப்பினார்.

இது சரியா?

எளிதில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் கால ஓவியங்களை நாயக்கர் கால ஓவியங்கள் மூடியிருந்ததும், 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னதும் தமிழர்கள் அறிந்த செய்தி. அதன்மேல் வரைந்த நாயக்கர் கால ஓவியர்களுக்குத் தாங்கள் எதையோ மறைக்கிறோம் என்ற உறுத்தல் இருந்திருக்க வாய்ப்பில்லை. கோயில் அவர்களுக்குக் காட்சிச்சாலை அன்று. பூசை நடக்கும் இடம். சிங்கப்பூர், மலேசியக் கோயில்களிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்றால் கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசப்படுகிறது. பழைய வண்ணம் போய்விட்டதே என்று வருந்துபவர் யாருமில்லை. மங்கிய கோபுரத்தைப் பார்த்துத்தான் வருந்துவார்கள்.

ஆனாலும் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் இருந்த சோழர் ஓவியம் வெளிப்படாமலே போயிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு! புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய சுவர்ச்சித்திரங்களுக்கு வெள்ளையடித்த கோயில் நிர்வாகங்களின் கதையையும் மறப்பதற்கில்லை. ஆக, மரபு என்ற சொல்லைக் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது.

சுப்பிரமணியனின் செயல் வேறுபடுவது ஓர் இடத்தில்தான். அழிந்துகொண்டிருந்தது அவர் சுவர். வரைந்ததும் அவர் கை. 1987ல் வெளிவந்த அவருடைய கட்டுரை நூலின் தலைப்பே வாழும் மரபு என்று பொருள்படும். மரபு என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல, ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் மறுபடி செய்துகொள்ள வேண்டிய ஒன்று என்பதே அவர் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தது. வங்காளப் பெண்கள் தரையில் இடும் 'அல்பனா' கோலமும் சரி, தமிழ்ப் பெண்கள் வாசலில் இடும் கோலமும் சரி, நாளைக்கு இருக்காது என்று தெரிந்தே இடப்படுபவை. எழுதியதைச் செய்துகாட்டும் வாய்ப்பு 85 வயதில் வந்தபோது அவர் தயங்கவில்லை. அந்த நேர்மைக்காகவே, இழந்த பழைய சுவரையும் சேர்த்து, அவர் பக்கம் நிற்கத் தோன்றுகிறது.

குழந்தைகளுக்கும் ஒரு கதை

இவ்வளவு செய்தவர் ஏன் ஹுசைன், ரசா அளவுக்குப் பேசப்படவில்லை? ஓவியச் சந்தைக்கு முத்திரை வேண்டும். குதிரை என்றால் ஹுசைன், கறுப்பு வட்டம் என்றால் ரசா. சுவரில் மாட்டியதும் விருந்தாளிக்கு ஓவியர் பெயர் தெரிந்துவிட வேண்டும். பத்துப் பொருளில் பத்து விதமாகச் செய்பவரை எந்தப் பெட்டியில் போடுவது? அதிகமாகச் செய்ததால் எல்லாமே ஒரே தரத்தில் அமைந்தன என்றும் சொல்ல முடியாது. பிற்காலத் தாள் ஓவியங்களில் சில, கை பழகிவிட்ட வேகத்தில் ஓடிவிடுகின்றன. சுவரும் கண்ணாடியும் விதிக்கும் கட்டுப்பாடு தாளில் இல்லாததால் வந்த வினை அது.

அச்சுக்கலையில் அந்தக் குறை குறைவு. கல்லச்சு முறையில் எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்துக் கல்லின்மேல் வரைந்த படத்தைத் தாளில் எடுக்கிறார்கள். ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம். எனவே பணக்காரர் அல்லாதவர் வீட்டுக்கும் அது போய்ச் சேரும். பரோடா மாணவர்கள் நடத்திய நுண்கலைச் சந்தைக்கு மரத்திலும் தோலிலும் மணியிலும் பொம்மை செய்து கொடுத்த மனிதருக்கு இது முக்கியம். அந்த மனத்தோடுதான் சிறுவர் நூல்களும் எழுதினார், படமும் வரைந்தார். விலங்குகள், பூதங்கள், அனுமன் என்று கதைகள் ஓடும். ஒன்றில், நாட்டை ஆளும் ஒருத்தியின் முகம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு அது வேடிக்கை. படித்துக்காட்டும் தந்தைக்கு இந்தியாவின் அவசரநிலைக் காலம் நினைவுக்கு வரும். கோல்கத்தாவின் சீகல் பதிப்பகம் இந்த நூல்களை வெளியிட்டுப் பரவலாக்கியது.

2004ல் மீண்டும் பரோடா. மகள் அங்கே இருந்தார். எண்பது வயதில் ஊர் மாறினாலும் வேலை மாறவில்லை. சுவரைத் திரும்ப வரையச் சாந்திநிகேதன் போனது இங்கிருந்துதான். 2012ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அந்த வயதில் அத்தகைய விருது வந்தால் மாலையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரலாம். அவரோ 2012-13ல் 16 துண்டுகளை இணைத்து, 9 அடி உயரம், 36 அடி நீளத்தில் ஒரு மாபெரும் ஓவியம் வரைந்து முடித்தார். புனித எச்சங்களின் போர் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். செத்துப்போன எலும்புக்கும் பழைய கல்லுக்கும் உரிமை கொண்டாடி உயிரோடு இருப்பவர்கள் வெட்டிக்கொள்வதைப் பற்றியது. 1971ல் தளபதிகளின் பதக்கத்தைக் கேலி செய்த அதே கண், நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேலியைக் குறைத்துக்கொண்டு கவலையோடு பார்த்தது. அப்போது அவருக்கு 89 வயது.

2016ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, 92 வயதில், வடோதராவில் சுப்பிரமணியன் காலமானார். ஒரு மாதத்துக்குள் ரசாவும் மறைந்தார்.

சாந்திநிகேதன் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கலா பவனமும் அதில் அடக்கம். மரபுடைமைத் தளம் என்றால் உள்ளதை உள்ளபடி காப்பது முதல் விதி. வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் கறுப்பு வெள்ளை உருவங்கள்மீது இன்னும் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. அவை மறுபடி மங்கும்போது வல்லுநர்களை அழைத்து அவருடைய கோடுகளை அப்படியே மீட்பதா, அல்லது ஒரு மாணவர் கையில் தூரிகையைக் கொடுத்துப் புதிதாக வரையச் சொல்வதா என்பதை அங்கே உள்ளவர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.